சேரிப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை: மாணவருக்கும் ஆசிரியருக்கும் நடுவே நிற்கும் சாதி

"படிக்கிற பிள்ளை எங்க போட்டாலும் படிக்கும்" என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் மே மாதத்தில் இந்தப் பேச்சு டீக்கடை தொடங்கி தொலைக்காட்சி விவாதம் வரை நடக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்றின் தேர்ச்சி விகிதம் குறைந்துவிட்டால் போதும், "சாப்பாடு, துணி, புத்தகம், உதவித்தொகை எல்லாம் கொடுத்தும் படிக்க மாட்டேங்குதுங்க" என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளையைக் குறை சொல்லி முடித்ததும் அடுத்து வாத்தியாரைப் பிடிப்பார்கள். வாத்தியார் சரியில்லை, ஒழுங்காக வருவதில்லை, அக்கறை இல்லை என்பார்கள்.

மாணவரும் ஆசிரியரும் வெற்றிடத்தில் சந்தித்துக்கொள்வதில்லை. அவர்கள் சந்திக்கும் அந்த அறையை யார் கட்டினார்கள், எங்கே கட்டினார்கள், எந்த வகுப்பு வரைக்கும் கட்டினார்கள், யாரை உள்ளே விட்டார்கள், யாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்கெல்லாம் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் "காரணிகள்" என்று பட்டியல் போடும் ஆய்வேடுகளைச் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில் நாம் நிறையவே புரட்டியிருக்கிறோம். பெற்றோரின் கல்வியறிவு, வீட்டு வருமானம், ஆர்வமின்மை என்று அந்தப் பட்டியல் நீளும். சாதி ஒரு அட்டவணையில் ஒரு வரியாக வந்துவிட்டுப் போகும். அந்த வரியைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்துப் படிக்கப் போகிறோம்.

முதலில் தார்வாருக்குப் போக வேண்டும். 1854இல் உட் கல்வி அறிக்கை வந்து, மக்கள் அனைவருக்கும் கல்வி என்ற பேச்சு அரசாங்கத்தில் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1856 ஜூன் மாதம், பம்பாய் மாகாணத்தின் தார்வார் அரசுப் பள்ளியில் சேர ஒரு மகர் சிறுவன் விண்ணப்பித்தான். இடம் மறுக்கப்பட்டது. அவன் அரசாங்கத்திடம் முறையிட்டான். ஒரே ஒரு பிள்ளைக்காக, மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும் பள்ளியைக் காலி செய்துவிட முடியாது என்பதுதான் பம்பாய் அரசாங்கம் எடுத்த நிலை. அரசு செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை 1858இல் உறுதிசெய்யப்பட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் அதையே திரும்பச் சொன்னது. ஆனால் எதிர்ப்பு இருக்கும் இடங்களில், போதுமான எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால், தனிப் பள்ளி வைக்கலாம் என்றும் வழி காட்டியது. கொள்கையில் கதவு திறந்தது, நடைமுறையில் பக்கத்தில் ஒரு தனிக் கொட்டகை போடப்பட்டது. பிற்காலத்தில் அம்பேத்கர் இந்தத் தார்வார் ஆவணங்களை எடுத்து எழுதியது சும்மா இல்லை. நமது கல்வி வரலாறு முழுவதற்கும் அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் அதே காலத்தில் என்ன நிலைமை என்பதற்கு இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' ஒன்றே போதும். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். யாரோடாவது பழகினால் சாதி, வீடு, தெரு எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்பு வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். இதைத் தோழர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்குப் பள்ளி கிடைத்தது, பாடம் கிடைத்தது, தேர்ச்சியும் கிடைத்தது. கிடைக்காதது சக மாணவன். பள்ளியில் பாதிக் கல்வி வகுப்புக்கு வெளியே, விளையாட்டிலும் அரட்டையிலும் சண்டையிலும்தான் நடக்கிறது. அந்தப் பாதி அவருக்கு இல்லை. இன்று ஐ.ஐ.டி.யிலும் மருத்துவக் கல்லூரியிலும் தன் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைச் சொல்லாமல் பேச்சை மாற்றும் பிள்ளைகளை நாம் சந்திக்கும்போதெல்லாம் கோயம்புத்தூர்ப் பள்ளிக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான்.

1890களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையை நாம் பஞ்சமி நிலத்துக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் தொடர்ச்சியாக 1893 பிப்ரவரியில் கல்வி தொடர்பாக ஒரு ஆணையும் வந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்கு மானியம், அவர்களுக்கு ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது இங்கிருந்துதான். நிலமும் கல்வியும் ஒரே விவாதத்திலிருந்து பிறந்தவை. நிலத்தை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் சென்னையில் அத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஆல்காட்டுக்கும் இருந்த தொடர்பு பௌத்தம் சார்ந்தது மட்டுமல்ல, கல்வியும் அதில் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பள்ளிகளும், மிஷனரிகள் சேரிகளில் நடத்திய பள்ளிகளில் பெரும்பாலானவையும் ஆரம்பப் பள்ளிகளே. எழுத்தும் கணக்கும் கற்ற பிள்ளை அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஊர்ப் பள்ளிக்கோ நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கோ போக வேண்டும்.

அந்தப் பள்ளிகள் எங்கே இருந்தன? அக்கிரகாரத்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில், ஊர்ச் சாவடியில். பொதுத் தெருவில் நடக்கவே உரிமை இல்லாத பிள்ளை அந்தக் கட்டிடத்துக்கு எந்த வழியாகப் போகும்? 1919 மார்ச் மாத அரசாணை ஒன்று தரும் கணக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டிய கணக்கு. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. மக்கள் வரிப்பணத்தில் நடந்த பள்ளிகள் இவை, தனியாருடையவை அல்ல. சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் திறந்தே இருந்தது. இருக்கும் இடம்தான் கதவைச் சாத்தியது. 1924இல் பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டிடங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியபோது, அது தெரு உரிமை மட்டுமல்ல, பள்ளிக்குப் போகும் வழியும்கூட.

இதற்கிடையே அரசாங்கம் எடுத்த முடிவு என்ன? ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்காக 1919இல் தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அது தொழிலாளர் ஆணையர் பொறுப்பாக மாறி, தொழிலாளர் துறை உருவானது. இந்தத் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது, உதவித்தொகை கொடுத்தது, விடுதி நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலத் துறையின் தாய்த்துறை இதுதான். ஆக, நம் பிள்ளைகளின் பள்ளி கல்வித் துறையின் கீழ் பிறக்கவில்லை. நலத் துறையின் கீழ், வீட்டுமனைப் பட்டாவோடும் குடிநீர்க் கிணற்றோடும் சேர்ந்து பிறந்தது. இதை ஒரு சாதனையாகப் பார்ப்பவர்கள் உண்டு, ஒதுக்கலாகப் பார்ப்பவர்களும் உண்டு. நம் பார்வையில் இரண்டும் உண்மை. 609 பள்ளிகளின் தயவுக்குக் காத்திருந்தால் ஒரு தலைமுறையே எழுத்தறியாமல் போயிருக்கும். அதேசமயம், தனிப் பள்ளி வந்தபின் மீதமிருந்த ஏழாயிரத்துச் சொச்சம் பள்ளிகளும் தங்கள் கதவைத் திறக்க வேண்டிய நெருக்கடியிலிருந்து தப்பித்துக்கொண்டன.

இந்தக் காலத்து ஆசிரியர்களைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். எம்.சி. ராஜா என்றால் 1920இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பு உறுப்பினர், 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயருக்கான தீர்மானம் கொண்டுவந்தவர் என்று போட்டித் தேர்வுப் புத்தகம் சொல்லும். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய கேள்விகளில் உபகாரச் சம்பளம், விடுதி, பள்ளிச் சேர்க்கை எல்லாம் வந்ததற்கு அதுதான் காரணம். வகுப்பறையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, சிறு பள்ளியாக ஆரம்பித்ததை உயர்நிலைப் பள்ளி, விடுதி என்று வளர்த்தெடுத்தவர் சுவாமி சகஜானந்தர். ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிடாமல் உயர்நிலை வரை படிக்கட்டு கட்டிய முயற்சி என்பதால்தான் நந்தனார் பள்ளியை நாம் தனித்து மதிக்கிறோம். தென்னாற்காடு, தஞ்சைப் பகுதிகளின் முதல் தலைமுறை தலித் ஆசிரியர்கள், எழுத்தர்கள், அதிகாரிகள் பலருக்கு அந்த வளாகத்தோடு ஏதாவது ஒரு உறவு இருக்கும். சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய ந. சிவராஜ் 1945இல் மாநகரின் மேயரானார். பண்ணையாள் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் காதில் விழுவதே ஒரு பாடம்தான்.

ஆனால் ஆசிரியர் ஆகிவிட்டால் தீண்டாமை விட்டுவிடுமா? 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், பேராசிரியர்களுக்கான பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சக பேராசிரியர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர், மாணவர்கள் திரண்டு வந்து கேட்கும் வகுப்பு அவருடையது. மாணவர் அறையில் கிடைத்த மரியாதை ஆசிரியர் அறையில் கிடைக்கவில்லை. கல்விக்கூடத்தில் சாதி குடியிருக்கும் இடம் வகுப்பறையைவிட ஆசிரியர் ஓய்வறைதான் என்பது நாம் பல பள்ளிகளில், கல்லூரிகளில் கேட்டறிந்த உண்மை. தலைமையாசிரியர் யார், தேர்வுப் பணி யாருக்கு, என்.எஸ்.எஸ். யாருக்கு, துறைத் தலைவர் முறைப்படி சுழன்று வருகிறதா, மதியம் யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்பதையெல்லாம் எந்த ஆய்வுக் குழுவும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசிரியர் பணியிடம் மாறி வரும் ஊரில் வாடகைக்கு வீடு கேட்கும்போது முதல் கேள்வி என்ன என்பதும் நமக்குத் தெரியும். ஊருக்குள் வீடு கிடைக்காமல் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போய் வருகிறவரைத்தான் "நேரத்துக்கு வருவதில்லை" என்று எழுதிப் போடுகிறார்கள்.

வேலையில் பங்கு பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்புவாரி உரிமை என்றதும் நீதிக்கட்சி ஆட்சியின் பெருமை பேசப்படும். நியாயமான பெருமைதான். ஆனால் 1928 டிசம்பர் ஆணையின்படி 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, கிறித்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்த ஒன்று 1947இல் 14க்கு 2 ஆனது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றதும், தமிழகத்தில் எழுந்த போராட்டமும், முதல் அரசியல் சட்டத் திருத்தமும், 15(4) பிரிவும் நீங்கள் அறிந்த கதை. 1971இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான பங்கு 16இலிருந்து 18 விழுக்காடு ஆனது. 1990இல் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனியாக வந்தது. 2009இல் அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலிருந்து பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்குப் போன முதல் பிள்ளைகளில் பலரை இந்த மூன்று விழுக்காட்டோடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். நம்மில் சிலருக்கே அது கசப்பாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பங்கு கேட்கும் நியாயம் மேலே பேசும்போது ஒன்றாகவும் கீழே பேசும்போது வேறாகவும் இருக்க முடியாது.

பணத்துக்கு வருவோம். 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அம்பேத்கர் அளித்த மனுவில் உயர்கல்வி முக்கிய இடம் பெற்றது. அவர் வாதம் எளிமையானது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்கம் ஆண்டுக்கு மூன்று லட்சம் தருகிறதே, எங்கள் மக்களின் உயர்கல்விக்கு என்ன தருகிறீர்கள் என்பதுதான் அது. ஆரம்பக் கல்வி பரவினால் மட்டும் போதாது, அதிகாரம் உள்ள பதவிகளில் நம்மவர் உட்கார்ந்தால்தான் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் விளைவாக 1944இல் மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கியதுதான் இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று சொல்லும் திட்டம். எந்த அரசும் தானாக இரங்கிப் போட்ட பிச்சை அல்ல அது. வாதாடிப் பெற்ற பங்கு.

அந்தப் பங்கு எப்படிக் கைக்கு வந்து சேருகிறது என்பதுதான் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது. கல்லூரி ஜூன், ஜூலையில் கட்டணம் கேட்கும். உதவித்தொகை அந்தக் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வரும், சில நேரம் அதற்குப் பின்னும் வரும். இடைப்பட்ட மாதங்களில் "பணம் வந்ததும் கட்டிடறேன் சார்" என்று அலுவலக ஜன்னலில் நிற்கும் பிள்ளை, தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட்டுக்கு நிற்கும், படிப்பு முடிந்ததும் சான்றிதழுக்கு நிற்கும். வட்டிக்கு வாங்கிக் கட்டிய அம்மாக்கள் எத்தனை பேர் என்று எந்தத் துறையும் கணக்கு வைத்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மற்றும் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களின் திருப்பிச் செலுத்த வேண்டாத கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. முதல் தலைமுறை பொறியாளர்கள், செவிலியர்கள் கிராமங்களிலிருந்து கிளம்பியது அந்த ஆண்டுகளில்தான். 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பயன் வெட்டப்பட்டது. சேர்ந்து ஓராண்டு படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஒன்றிய அரசோ பல ஆண்டுகள் பெரும்பகுதிச் சுமையை மாநிலங்கள் மீது தள்ளிவிட்டு, போராட்டங்களுக்கும் மாநிலங்களின் அழுத்தத்துக்கும் பிறகு 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்ற பங்கீட்டுக்கு ஒப்புக்கொண்டது. பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் என்று 2013இல் வைத்ததோடு அந்த முடிவு நின்றுவிட்டது. வரம்புக்கு மேல் சில ஆயிரம் சம்பாதிக்கும் சாலைப் பணியாளரின் மகளை உயர்சாதிக்காரராக ஆக்கிவிடும் மந்திரம் ஏதும் இருக்கிறதா என்ன?

விடுதிக்கும் இதே கதைதான். 2023இல் உயர்த்தப்பட்ட பின்பும் பள்ளி விடுதி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,400 ரூபாய், கல்லூரி மாணவருக்கு 1,500. மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு ஐம்பது ரூபாய். 2025 ஜூலையில் எல்லா நல விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். சாதிப் பெயர் பலகையிலிருந்து போனது நல்லதுதான், நாம் அதை எதிர்க்கவில்லை. கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, இரவில் காப்பாளர் தங்குகிறாரா, பெண்கள் விடுதிக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா என்று நாங்கள் போகும் இடங்களிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் பெரும்பாலும் மாணவிகளின் சிரிப்புதான்.

இப்போது பள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத் துறையின் கீழ் அண்மை ஆண்டுகளில் இயங்கிவந்த பள்ளிகள் 1,138. அவற்றில் தொடக்கப் பள்ளிகள் 833. நடுநிலை 99, உயர்நிலை 108, மேல்நிலை 98. 1890களில் கண்ட அதே வடிவம்தான் இது. கீழே அகலம், மேலே கூம்பு. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஊருக்குள் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. அதுவரை தன் தெருவிலேயே படித்த பிள்ளை, பதினோரு வயதில் முதன்முறையாக ஊரின் சாதியை நேருக்கு நேர் சந்திக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு, குறிப்பாக ஒன்பதாம் வகுப்பில், பிள்ளைகள் நின்றுபோவதற்குப் பாடம் கடினமாவது மட்டும் காரணமல்ல. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு பள்ளியை முற்றுகையிட்டது. சமைப்பவருக்கே அந்த நிலை என்றால் அதே வளாகத்தில் உட்கார்ந்து படிக்கும் சேரிப் பிள்ளை அன்று கற்றுக்கொண்ட பாடம் என்ன?

நலத்துறைப் பள்ளி ஆசிரியரின் நிலைமை இன்னொரு சிக்கல். மாவட்டத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருப்பவர் கல்வியாளர் அல்ல, வருவாய்த் துறையிலிருந்து வருகிறவர். வட்ட அளவில் பள்ளியையும் விடுதியையும் பார்வையிடும் தனி வட்டாட்சியருக்கு நிலம் எடுப்பு, மனைப்பட்டா வேலைகளும் உண்டு. கற்பித்தல் பற்றிப் பேச ஆள் இல்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துவதும், மேல்நிலையில் இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ முதுநிலை ஆசிரியர் இல்லாமல் அரையாண்டு கழிவதும் நாங்கள் நேரில் கண்டவை. அந்தக் காலியிடத்தின் பெயர் நீட் தேர்வு முடிவில் "தகுதிக் குறைவு" என்று மாறிவிடுகிறது. 2017 செப்டம்பர் 1 அன்று நாம் இழந்த குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். தகுதி யாரிடம் இல்லை என்பதை அந்த எண்ணே சொல்லும். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்தது. ஆனால் இயற்பியல் ஆசிரியரே இல்லாத பள்ளியின் பிள்ளை அந்தக் கதவு வரை நடந்து வருவது எப்படி?

உயர்கல்வியில் ஆசிரியர் பங்கு எப்படிக் களவாடப்பட்டது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம், ஏனென்றால் அது கணக்கில்தான் செய்யப்பட்டது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்து, 200 புள்ளிச் சுழற்சியில் இடங்களைக் கணக்கிடுவது நடைமுறை. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு துறையும் தனி அலகு என்றது. 2018 மார்ச்சில் யு.ஜி.சி. அதையே நாடு முழுக்க ஆணையாக்கியது. துறை என்றால் எத்தனை பேர் இருப்பார்கள்? நான்கைந்து பேர். 13 புள்ளி முறையில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது இடம்தான் பட்டியல் சாதிக்கு, பழங்குடியினருக்குப் பதினான்காவது. ஆறு பேர் கொண்ட துறையின் முதல் நியமனச் சுற்றில் தலித்துக்கு ஓரிடம்கூட வராது. இட ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை, வகுத்தல் கணக்கை மாற்றினார்கள், அவ்வளவே. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. மார்ச் 5 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. இரண்டே நாளில் அவசரச் சட்டம், ஜூலையில் சட்டம். தெருவில் இறங்கினால் 48 மணி நேரத்தில் சட்டம் வரும் என்பதற்குச் சமகால உதாரணம் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். ஆனாலும் அந்த இடைவெளியில் வந்த விளம்பரங்களும், தள்ளிப்போன நியமனங்களும், வயது கடந்துபோன ஆய்வாளர்களும் திரும்பி வரவில்லை. நம் மாநிலத்திலோ அரசுக் கலைக் கல்லூரிகளை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கி நிற்கிறார்கள். முனைவர் பட்டம், நெட், செட் எல்லாம் முடித்து மாதம் இருபது, இருபத்தைந்தாயிரத்துக்கு, அதுவும் கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்கள். இதில் 'கௌரவம்' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்றே தெரியாத ஆசிரியர், துறைத் தலைவரின் சாதிப் பாகுபாட்டைப் பற்றிப் புகார் எழுதுவாரா?

தலித் ஆசிரியர் இல்லாத வளாகத்தில் தலித் மாணவருக்கு என்ன நேரும் என்பதை எய்ம்ஸ் நிறுவனம் பற்றி 2007இல் வந்த தோரட் குழு அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க நிர்ப்பந்திக்கப்படுவது, செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் பாகுபாடு, ஆசிரியரின் பாராமுகம் எல்லாம் அதில் உண்டு. சேரி என்பது விடுதிக் கட்டிடத்தில் ஒரு மாடியாக மாறியிருந்தது. 2012இல் யு.ஜி.சி. சமத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் என்று ஒரு பதவி காகிதத்தில் உருவானது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தின் திறந்தவெளியில் தோழர்களோடு கூடாரம் அமைத்துத் தங்கியிருந்தவர் அவர். ஆய்வு உதவித்தொகையும் மாதக்கணக்கில் வந்திருக்கவில்லை. அந்தக் கூடாரத்துக்கு அவர்கள் வெளிவாடா என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் தலித் குடியிருப்பைக் குறிக்கும் தெலுங்குச் சொல். நம் சேரிதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் சாதி அடையாளப் பொட்டு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கு தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் போடக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிறு பற்றிய பரிந்துரைக்குத்தான் தொலைக்காட்சியில் அதிக நேரம் கிடைத்தது. 2019இலேயே பள்ளிக் கல்வி இயக்குநர் கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பி, அது அமைச்சர் மட்டத்திலேயே முடக்கப்பட்டதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நம் கணக்கில் முக்கியமானது அந்தக் கடைசிப் பரிந்துரை. கயிற்றைக் கழற்றிவிடலாம். கயிறு கட்டிய மாணவனை "நம்ம பையன்" என்று தட்டிக்கொடுக்கும் ஆசிரியரை இடம் மாற்றுவதுதான் அரசியல் துணிவு கேட்கும் வேலை.

நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பது பற்றி 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது, சந்துரு குழுவும் அதையே சொன்னது. இதில் நம் தோழர்களிடையே இரண்டு கருத்து உண்டு. தனித் துறை என்பதே ஒதுக்கல், கல்வி அதிகாரிகளின் மேற்பார்வையும் ஆசிரியர் பணிமாறுதலும் பொதுவாக வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். பொதுத் துறைக்குப் போனால் "மாணவர் எண்ணிக்கை குறைவு" என்று சொல்லி சேரிப் பள்ளியை மூடி ஊர்ப் பள்ளியோடு சேர்ப்பார்கள், நிலமும் கட்டிடமும் பதவி உயர்வு இடங்களும் போகும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டாவது தரப்பின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது, 609 என்ற எண் இன்னும் அவ்வளவு பழையதாகிவிடவில்லை. நாங்கள் இணைப்பை ஆதரிக்கிறோம், ஆனால் நிபந்தனைகளோடு. பள்ளி நிலம் ஆதிதிராவிடர் நலத்துக்கென்றே ஆவணத்தில் நீடிக்க வேண்டும். ஒரு பள்ளியும் மூடப்படக் கூடாது. சிறப்பு உட்கூறுத் திட்ட நிதி அந்தப் பள்ளிகளுக்கே வர வேண்டும். இணைப்புக்கு முன்பே காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

இதற்குத் தரவு வேண்டும், அதை இளைஞர்கள்தான் திரட்ட முடியும். உங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு நலத்துறைப் பள்ளியிலும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, எந்தெந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாகக் காலி, பள்ளி இருக்கும் நிலத்தின் சர்வே எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது, கடந்த மூன்று கல்வியாண்டுகளில் உதவித்தொகை எந்தத் தேதியில் மாணவர் கணக்குக்குப் போனது என்று கேளுங்கள். கல்லூரியில் இருப்பவர்கள் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், இதுவரை எத்தனை புகார் வந்தது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்.